மண்ணெண்ணெயில் எள் எங்கே? சொல்லின் பொருள் மாறும் விதம்

உறவுக்காரப் பையன் ஒருவனின் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்க அச்சகத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வந்திருந்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டபத்தின் முகவரியில் 'பேருந்து நிலையத்துக்கு அருகாமையில்' என்று இருந்ததைச் சிவப்பு மையால் அடித்தார். "கல்லாமை என்றால் கல்லாதிருப்பது. கொல்லாமை என்றால் கொல்லாதிருப்பது. அப்படியானால் அருகாமை என்றால்? நெருங்காதிருப்பது! மண்டபம் பக்கத்தில் இல்லை என்றா ஊருக்கெல்லாம் சொல்லப் போகிறோம்?" என்று கேட்டார். அச்சகக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, முப்பது வருஷமா இப்படித்தான் அடிக்கிறோம். பத்திரிகையைப் பார்த்து யாரும் வழி தப்பிப் போனதில்லை."

பெரியப்பா சொன்ன இலக்கணம் சரி. அச்சகக்காரர் சொன்ன அனுபவமும் சரி. தமிழில் நடக்கும் பெரும்பாலான 'எது சரி' சண்டைகள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வேரில் ஓர் உண்மையான பொருள் இருக்கிறது, மற்றதெல்லாம் பின்னால் வந்த கெடுதல் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

## இடித்துவிட்ட தியேட்டரும் பஸ் ஸ்டாப்பும்

பல ஊர்களில் 'தியேட்டர் ஸ்டாப்' என்று ஒரு நிறுத்தம் இருக்கும். தியேட்டரை இடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடையோ கல்யாண மண்டபமோ நிற்கும். ஆனாலும் கண்டக்டர் 'தியேட்டர் ஸ்டாப் எல்லாம் எறங்கு' என்றுதான் குரல் கொடுப்பார். இறங்க வேண்டியவர்கள் சரியாக இறங்குவார்கள்.

அந்தத் தியேட்டரைப் பார்த்தே இராத ஒரு பள்ளிப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அந்தப் பெயர் எப்படிப் புரிகிறது? அந்தச் சத்தம் கேட்கும்போது பஸ் எங்கே நிற்கிறதோ அதுதான் அந்தப் பெயருக்குப் பொருள் என்று அவள் கற்றுக்கொள்கிறாள். பெயர் வைத்த காரணம் அவளுக்குத் தேவைப்படவே இல்லை.

சொற்களையும் நாம் இப்படித்தான் கற்கிறோம். வீட்டில் யாரும் குழந்தைக்கு வேர்ச்சொல் சொல்லித் தருவதில்லை. ஒரு சொல் எந்தெந்தச் சமயத்தில் வருகிறது என்று கேட்டுக் கேட்டுக் குழந்தையே பொருளை ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகம் பெரியவர்களின் பொருளிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் பேச்சு தடைபடாமல் நடந்தால் யாருக்கும் அது தெரியாது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளிடம் பேசுகிறார்கள். அங்கே இன்னும் கொஞ்சம் நகர்கிறது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே பொருள் மாறுவது இப்படித்தான்.

நமக்குக் கிடைத்த மிகப் பழைய தமிழ் இலக்கண நூலான தொல்காப்பியம் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா'. ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பார்த்த உடனே பளிச்சென்று தெரியாது என்பது இதன் கருத்து. காரணம் இல்லை என்று நூல் சொல்லவில்லை. அது கண்ணுக்கு மறைந்துபோகும் என்கிறது. தியேட்டர் மறைந்தது போல.

## அடுக்களை அலமாரியில் ஒரு பாடம்

எண்ணெய் என்ற சொல்லைப் பிரித்தால் எள் + நெய். எள்ளிலிருந்து எடுத்தது மட்டும்தான் முதலில் எண்ணெய். அப்புறம் தேங்காயிலிருந்து எடுத்ததற்கும் ஆமணக்கிலிருந்து எடுத்ததற்கும் அதே பெயர் போனது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், கடலை எண்ணெய் என்று வரிசை நீண்டது. இப்படி ஒரு சொல் தன் சிறிய வட்டத்தை விட்டு ஓர் இனம் முழுவதற்கும் பொதுவாகிவிடுவதைப் பொதுப்பொருட்பேறு என்பார்கள்.

இதில் எள்ளுக்குத்தான் சங்கடம். தன் பெயரை எல்லாருக்கும் கொடுத்துவிட்டதால் அதற்கென்று தனிப்பெயர் இல்லாமல் போனது. அதனால் எள்ளிலிருந்து எடுத்ததை 'நல்லெண்ணெய்' என்று வேறுபடுத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் பூமிக்கு அடியிலிருந்து வரும் எரிபொருளுக்கும் அந்தப் பெயர் போய் மண்ணெண்ணெய் ஆனது. அதில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. ஆனாலும் ரேஷன் கடை வரிசையில் நின்ற யாருக்கும் அது குழப்பம் தந்ததில்லை.

அதே அலமாரியில் பக்கத்தில் இருக்கும் நெய்ப் புட்டியையும் பாருங்கள். பழந்தமிழில் நெய் என்பது எண்ணெயையும் கொழுப்பையும் சேர்த்துக் குறித்த பரந்த சொல். எள்நெய் என்ற பெயரே அதனால்தான் அமைந்தது. இன்று நெய் என்றால் வெண்ணெயை உருக்கி எடுத்தது மட்டும்தான். பரந்து கிடந்த பொருள் ஒன்றே ஒன்றில் வந்து ஒடுங்குவது சிறப்புப்பொருட்பேறு. ஒரு சொல் விரிய, அதன் உள்ளே இருந்த இன்னொரு சொல் தனியாகச் சுருங்கியிருக்கிறது. பொருள் மாற்றத்தைப் புரிந்துகொள்ள இதைவிடக் கைக்கெட்டிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிச் சுருங்கிய சொற்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. குறளில் 'மாடு' செல்வத்தைக் குறித்து வருகிறது. கல்வியைத் தவிர மற்றவை 'மாடல்ல' என்கிறார் வள்ளுவர். இன்று மாடு தொழுவத்தில் மட்டும் நிற்கிறது. கோ என்ற அரசனின் இல்லமாக இருந்த கோயில் கடவுளின் வீடாகிவிட்டது. குவியல் என்ற பொருளில் வந்த குப்பை, வேண்டாததின் குவியலாகி, பிறகு குவியாமல் தெருவில் கிடக்கும் ஒற்றைக் காகிதத்துக்கும் பெயரானது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சொல்லைக் கேட்ட சூழலிலிருந்துதான் பொருளைக் கற்கிறோம், அதனால் பொருள் விரியலாம், சுருங்கலாம், வேர் மறைந்துபோனாலும் சொல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

## நாற்றம் எப்போது நாறத் தொடங்கியது?

மார்கழிக் காலையில் திருப்பாவை கேட்கும் பிள்ளைகளுக்கு வரும் சந்தேகம் இது. 'நாற்றத் துழாய்முடி நாராயணன்' என்று ஆண்டாள் பாடுகிறாள். மணக்கும் துளசியை முடியில் சூடியவன் என்று பொருள். மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்தை வள்ளுவரும் நாற்றம் என்றுதான் சொல்கிறார். அப்படி இருந்த சொல்லை இன்று ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர முடியுமா?

இந்த மாற்றத்துக்குச் சாட்சி இன்னும் நம் பேச்சில் இருக்கிறது: துர்நாற்றம். நாற்றம் என்றாலே கெட்டது என்றிருந்தால் முன்னால் 'துர்' எதற்கு? வாசம் நல்லதோ கெட்டதோ, நாற்றம் இரண்டுக்கும் பொதுவாக இருந்த காலத்தில் அமைந்த சொல் அது.

பொதுவாக இருந்தது ஏன் கெட்ட பக்கம் சாய்ந்தது? இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று ஒன்று உண்டு. வெளிப்படையாகச் சொல்லக் கூச்சமானதைச் சுற்றி வளைத்து மென்மையாகச் சொல்வது; 'கால் கழுவி வந்தேன்' என்பது பாடப்புத்தக உதாரணம். பக்கத்தில் இருப்பவர் மேல் கெட்ட வாடை அடித்தால் நேரடியாகவா சொல்வோம்? 'ஏதோ வாசனை வருதே' என்போம். பொதுவான சொல்லை எடுத்துக் கெட்டதைச் சொல்லிவிடுவோம். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், அடுத்த தலைமுறைப் பிள்ளை அந்தச் சொல்லைச் சாக்கடை ஓரத்தில் மட்டுமே கேட்கும். அதற்கு அந்தச் சொல்லின் பொருளே சாக்கடைதான். பொருள் இப்படித் தாழ்ந்துபோவதற்கு இழிபொருட்பேறு என்று பெயர்.

இதே கதை இப்போது நம் கண் முன்னாலேயே நடக்கிறது. ஆங்கிலத்திலிருந்து வந்த 'ஸ்மெல்' அங்கே நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொது. நம் பேச்சில் 'பஸ்ஸுல ஒரே ஸ்மெல்' என்றால் மல்லிகைப்பூ என்று யாராவது நினைப்பார்களா? கூச்சத்துக்காகக் கடன் வாங்கிய சொல்லும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

மேலே ஏறிய சொற்களும் உண்டு. களித்தல் என்பது கள் குடித்து மயங்குவது. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது. இன்று 'களிப்புடன் வரவேற்றனர்' என்று எழுதினால் யாரும் கள்ளை நினைப்பதில்லை. இது உயர்பொருட்பேறு. ஆனால் ஏறியவற்றைவிட இறங்கியவைதான் நம் கண்ணில் அதிகம் படுகின்றன. மொழி கெட்டுப்போகிறது என்ற எண்ணம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

## ஒரே சொல், நான்கு வீடுகள்

பொருள் மாறினால் ஒரே திசையில்தான் மாற வேண்டும் என்பதும் இல்லை. வடமொழியில் 'அவசரம்' என்றால் தகுந்த சமயம், வாய்ப்பு. மலையாளத்தில் இன்றும் அவசரம் என்றால் வாய்ப்புதான். தெலுங்கில் தேவை. தமிழிலும் கன்னடத்திலும் பரபரப்பு. வாய்ப்பு நழுவிவிடுமே என்ற பதற்றத்தை நாம் பிடித்துக்கொண்டோம். அந்த நேரத்தில் வேண்டியது என்பதைத் தெலுங்கர் பிடித்துக்கொண்டார்கள். எது சரி என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் கேள்வியே பொருந்தவில்லை.

தமிழுக்குள்ளேயே இது நடக்கும். தமிழ்நாட்டில் கதை என்றால் சொல்லுவது அல்லது எழுதுவது. இலங்கையில் 'கதைப்பம்' என்றால் பேசுவோம் என்று பொருள். வடிவு அங்கே அழகு. 'வடிவாச் சாப்பிடுங்கோ' என்றால் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு வடிவம் என்றால் உருவ அமைப்புதான் நினைவுக்கு வரும். இதில் ஒருவர் தமிழை இன்னொருவர் பிழை என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

## கருப்பா, கறுப்பா?

இனி சண்டைகளுக்கு வருவோம். நிறத்தைச் சொல்லும்போது சின்ன ரவா, பெரிய றவா? கறுப்பு என்றால் கோபம், ஆகவே நிறத்துக்குக் கருப்புதான் என்பது ஒரு கட்சி. கருப்பு என்றால் பஞ்சம், ஆகவே நிறத்துக்குக் கறுப்புதான் என்பது எதிர்க்கட்சி.

தொல்காப்பியத்தைத் திறந்தால் முதல் கட்சிக்கு ஆதரவாக ஒரு வரி இருக்கிறது: 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள'. கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொல்லும் கோபத்தைக் குறிக்கும். சரி, முடிந்ததா? அடுத்த நூற்பாவையும் படிக்க வேண்டும்: 'நிறத்துரு உணர்த்தற்கும் உரிய என்ப'. அவை நிறத்தைக் காட்டவும் உரியன என்று சொல்கிறார்கள். ஆக, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வதைத் தொல்காப்பியரே பதிவு செய்திருக்கிறார். எதையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. இன்னொரு பக்கம் கருமை, கருங்கல், கருமேகம் எல்லாம் சின்ன ரவில் நிறத்தைத்தான் சொல்கின்றன. இரண்டு எழுத்துக்கும் இடமுண்டு என்பதே என் முடிவு. ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே சீராகப் பயன்படுத்தினால் போதும்.

இங்கே நடந்த தவறுக்கு வேர்ப்பொருள் மயக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒரு சொல்லின் பழைய பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் இன்றைய பொருளைப் பொய்யாக்கிவிடலாம் என்று நினைப்பதுதான் அது. அந்த அளவுகோலால் அளந்தால் ஞாயிற்றுக்கிழமையைக்கூடச் சொல்ல முடியாது. கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரியவன், தலைவன். தொல்காப்பியத்தின் காதல் தலைவனே கிழவன்தான்.

## எல்லாமே சரி என்றாகிவிடுமா?

ஆகாது. நம் இலக்கணம் இதற்கு மூன்று சொற்களை வைத்திருக்கிறது. விதிப்படி அமைவது வழாநிலை. விதியிலிருந்து தவறுவது வழு. விதியிலிருந்து விலகினாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. தன் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் திணை தவறியது போலத்தான் இருக்கிறது. ஆனால் அன்பினால் சொன்னதால் அது வழுவமைதி. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் காலத்தையும் ஒரு காரணமாக ஏற்றார்: 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல, கால வகையினானே'.

ஒருவர் ஒருமுறை தவறிச் சொல்வது பிழை. ஊரே ஒரே மாதிரி சொல்லி, கேட்பவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி புரிந்தால் அது வழக்கு. இரண்டுக்கும் நடுவில் நிறைய நிற்கின்றன. 'சுவற்றில்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு கிணற்றில் ஆகிறது, வயிறு வயிற்றில் ஆகிறது. அந்தச் சாயலில் சுவரும் சுவற்றில் ஆகிவிட்டது. ஆனால் சொல் சுவர்தான், சுவறு அல்ல. பேச்சில் வந்தால் நான் யாரையும் நிறுத்தித் திருத்துவதில்லை. மெய்ப்புத் திருத்தும்போது 'சுவரில்' என்று மாற்றிவிடுவேன். எழுத்து நாளைக்கும் இருக்கும். அதில் சற்று மெதுவாக மாறுவது நல்லது. ஆண்டாளையும் வள்ளுவரையும் உரையில்லாமல் படிக்கும் இடங்கள் இன்னும் நமக்கு மிச்சம் இருப்பதற்கு அந்த மெதுவும் ஒரு காரணம்.

அகராதியும் நீதிபதி அல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1924இலிருந்து 1936வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி பழைய பொருளையும் புதிய பொருளையும் சேர்த்தே தருகிறது. 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்று எழுதப்படும் தமிழை வைத்துப் பொருள் சொல்கிறது. பழைய பாட்டுக்கு முதலாவதைப் புரட்ட வேண்டும், செய்தித்தாளுக்கு இரண்டாவதை. தப்பான அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே ஒரு சின்ன நினைவூட்டல்: தனி ஆளின் தவறு வழு, ஊரின் பழக்கம் வழக்கு. எழுத்தும் பேச்சும் ஒரே வேகத்தில் மாற வேண்டியதில்லை. அகராதி வழக்கைப் பதிவு செய்கிறது, அதை உண்டாக்குவதில்லை.

## யாருடைய வழக்கு?

'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே' என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. உயர்ந்தோர் யார்? இந்தக் கேள்வியில்தான் பொருள் மாற்றம் வெறும் சொல் விஷயமாக இல்லாமல் மனிதர்களின் விஷயமாகிறது.

சேரி என்ற சொல்லைப் பாருங்கள். சேர்ந்து வாழும் இடம். புதுச்சேரியிலும் வேளச்சேரியிலும் இன்றும் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு, அந்தப் பிராமணர் ஊரின் பகுதிகளையே சேரி என்கிறது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் கம்மாணச்சேரி, பறைச்சேரி என்று வரும்போது இன்னொன்றையும் காண்கிறோம்: அதே வரிசையில் தீண்டாச்சேரியும் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக இருந்த சொல், காலப்போக்கில் தலித் மக்களின் குடியிருப்புக்கு மட்டும் என்று சுருங்கி, அதன் பிறகு வசவாகவும் ஆக்கப்பட்டது. சொல் தானாகத் தாழவில்லை. அங்கே வாழ்ந்தவர்களைத் தாழ்த்தியவர்கள் அந்தச் சொல்லையும் சேர்த்துத் தாழ்த்தினார்கள்.

அப்புறம் வந்தது காலனி. குடியேற்றம் என்ற பொருளில் ஆங்கிலம் வழியாக வந்த சொல். நகரங்களில் அரசு ஊழியர் காலனி, ரயில்வே காலனி என்று சாதாரணமாக இருந்தது. கிராமத்தில் 'காலனிக்காரங்க' என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில், ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் குறியீடாகிவிட்ட இந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

சொல்லை மாற்றினால் மனம் மாறிவிடுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாறாது. இழிவு செய்யும் பழக்கம் அப்படியே இருந்தால் புதுச் சொல்லுக்கும் அதே கறை ஏறும் என்பதை நாற்றத்தின் கதையே காட்டிவிட்டது. ஆனாலும் மாற்றத்தான் வேண்டும் என்பேன். 'சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம்தானே, இதில் என்ன கோபம்' என்று ஒருவர் கேட்கும்போது அவர் வேர்ப்பொருளைக் காட்டி, அந்தச் சொல் இன்று செய்யும் வேலையை மறைக்கிறார். ஒரு சொல் எங்கே வலிக்கிறது என்பதை அந்தச் சொல்லால் கூப்பிடப்படுகிறவரிடம்தான் கேட்க வேண்டும். அவர்களுடைய வழக்கும் வழக்குதான்.

## பத்திரிகை என்ன ஆனது?

அன்றைக்கு அச்சகத்தில் பெரியப்பாவும் அச்சகக்காரரும் அரை மணி நேரம் பேசினார்கள். அருகாமையை இலக்கணம் ஒப்பாது, ஆனால் படிப்பவர் எல்லாரும் 'பக்கத்தில்' என்றுதான் புரிந்துகொள்கிறார்கள், ஆகவே அது நடு இடத்தில் நிற்கும் சொல் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. 'அருகில்' என்று போட்டால் மண்டபத்தின் பெயரும் முகவரியும் ஒரே வரியில் அடங்கிவிடும் என்று அச்சகக்காரர்தான் கடைசியில் கணினித் திரையில் மாற்றிக் காட்டினார். அடங்கியது. அப்படியே அச்சுக்குப் போனது.